பின் சீட்டில் இருப்பவர் யார்?



எங்கள் பழைய கரோலாவின் உயரத்தைக் குறைக்க வேண்டுமென்று மகன் நச்சரித்துக்கொண்டே இருந்தார். "ஸ்பிரிங்கில ஒரு சுற்றை வெட்டினாச் சரி வாப்பா, செலவில்ல" என்றார். நாங்களும் இணங்கப் பார்த்தோம்.

கராஜ் பாஸ்தான் தடுத்தார். சுற்றை வெட்டினால் ஸ்பிரிங் இறுகும். தேய்ந்த ஷொக் அதன் துள்ளலை அடக்காது. பள்ளத்தில் சக்கரம் தொங்கும்போது ஸ்பிரிங் இருக்கையை விட்டு நழுவவும் கூடும். இரண்டு அங்குலம் குறைத்தால் ஷொக் அசைய இடமின்றிக் குழிக்குக் குழி அடி விழும்.

யோசித்தோம். தினமும் பாடசாலைக்கும், மாதமொரு முறை முதுகுவலியுள்ள உம்மாவோடு கிளினிக்குக்கும் போகும் கார் இது. ஆகவே அந்த மொடலுக்கென்றே செய்த, 25 மில்லிமீற்றர் மட்டும் குறைக்கும் ஸ்பிரிங் எடுத்தோம். அதற்கேற்ற புதிய ஷொக் நான்கும் போட்டு, வீல் எலைன்மன்டும் செய்தோம். அதைச் செய்யாவிட்டால் டயரின் உட்பக்கம் தேய்ந்துவிடும்.

இப்போது வளைவில் கார் சாய்வது குறைவு. சிறு குழிகளில் முன்னையைவிடக் கொஞ்சம் கடினம்தான், மறைக்கவில்லை. ஆனால் உம்மா சொன்னார்: "முந்தி மாதிரித் தூக்கித் தூக்கிப் போடல்ல மகன்."

தம்பிமாரே, ஸ்பிரிங்கில் கை வைக்க முன், பின் சீட்டில் யார் இருப்பார் என்று ஒருக்கா யோசியுங்கள்.