சைக்கிள் வேஷம்

நாற்பது வயதுக்கு மேல் மனிதனுக்குச் சில ஞானோதயங்கள் ஏற்படுவதுண்டு. நமக்கு அது 46-வது வயதில், ஒரு ரத்தப் பரிசோதனைச் சீட்டின் ரூபத்தில் வந்தது. சர்க்கரையின் அளவைப் பார்த்த வைத்தியர், "தினம் ஒரு மணி நேரம் உடம்பு வியர்க்க வேண்டும். நடக்கிறீர்களா, சைக்கிள் விடுகிறீர்களா?" என்று கேட்டார். ஏழாயிரம்பண்ணைக் கடைத்தெருவில் நாம் நடக்கத் தொடங்கினால் பத்தடிக்கு ஒரு பழைய மாணவனின் தகப்பனார் எதிர்ப்படுவார். நின்று பேசினால் வியர்க்காது. பேசாமல் போனால் கர்வம் என்பார்கள். ஆகவே சைக்கிள் என்று சொல்லிவிட்டோம்.

மதுரைக்குச் சென்று, வளைந்த கைப்பிடியும் மெல்லிய டயரும் கொண்ட ஒரு வண்டியை வாங்கினோம். வண்டியை வாங்கியதோடு காரியம் முடிந்தது என்று நினைத்தது நமது பேதைமை. கடைக்காரர் ஒவ்வொன்றாக எடுத்து மேஜைமேல் வைத்தார்: தலைக்கவசம், குளிர்க் கண்ணாடி, உடம்பைக் கவ்விப் பிடிக்கும் மேற்சட்டை, மெத்தை வைத்த கால்சட்டை, விரல்நுனி இல்லாத கையுறை, பெடலில் மாட்டிக்கொள்ளும் பூட்ஸ். எல்லாம் கறுப்பு. "கறுப்பில் அழுக்குத் தெரியாது" என்றார். உபாத்தியாயருக்கு உரிய சிக்கன புத்தியுடன் நாமும் தலையாட்டினோம். பின்புற விளக்கு ஒன்றையும் அவர் காட்டத்தான் செய்தார். அதற்கு இப்போது என்ன அவசரம் என்று திருப்பிக் கொடுத்துவிட்டோம். அன்றைய ரசீதை இன்றுவரை வீட்டில் காட்டவில்லை.

கால்சட்டையைப் பற்றி மட்டும் கொஞ்சம் விஸ்தாரமாகச் சொல்ல வேண்டும். முதல் நாள் வெட்கப்பட்டு அதைப் பெட்டியிலேயே வைத்துவிட்டுச் சாதாரணக் கால்சட்டையோடு 20 கிலோமீட்டர் போய் வந்தோம். அதன் பயனாக மூன்று நாட்கள் நின்றுகொண்டே பாடம் நடத்தினோம். மாணவர்கள் நமது கடமையுணர்ச்சியை மெச்சிக்கொண்டார்கள். பிறகுதான் மெத்தையின் மகிமை விளங்கிற்று. ஆதியில் ஐரோப்பியர் ஷாமி என்னும் மலையாட்டின் தோலைப் பதனிட்டு அவ்விடத்தில் வைத்துத் தைத்தார்கள். இப்போது வைப்பது செயற்கை நுரை. ஆட்டின் பெயர் மட்டும் மிஞ்சியிருக்கிறது. அதற்குள் வேறு உள்ளாடை அணியலாகாது என்பது விதி. தையலும் மடிப்பும் உராய்ந்து தோலைப் புண்ணாக்கிவிடும். மாணவிகள் எதிர்ப்படும் ஊரில் அந்தக் கோலத்துடன் எப்படிப் போவது? மேலே ஒரு தொளதொளத்த அரைக்கால் சட்டையைப் போட்டுக்கொண்டோம். மானமும் மிஞ்சியது, தோலும் மிஞ்சியது.

மேற்சட்டையோ வேறுவிதமான விவகாரமாயிற்று. பட்டாசு ஆலைக்குப் போகும் அடுத்த வீட்டு அம்மாள், கொடியில் காய்ந்த அதைத் தொட்டுப் பார்த்து, "என்ன சார், நைலான் மாதிரியில்ல இருக்கு! இதைப் போட்டுக்கிட்டு வந்தா எங்க ஆலையிலே கேட்டுக்குள்ளேயே விடமாட்டாக" என்றார். செயற்கை இழை உராய்ந்தால் நிலைமின்சாரம் உண்டாகும். மருந்துக்கு ஒரு பொறி போதும். ஆகையால் அங்கே பருத்தி ஒன்றுதான் உடுப்பு. சைக்கிள்காரருக்கு விதி நேர்மாறு. பருத்தி வியர்வையைக் குடித்துக் கனத்து, உடம்போடு ஒட்டிக்கொள்ளும். செயற்கை இழை சீக்கிரம் உலரும். ஆனால் ஒரு மணி நேரச் சவாரிக்குப் பழைய பருத்திச் சட்டை தாராளமாகப் போதும் என்பது நமது அபிப்பிராயம். மேற்சட்டையை ஆறு மாதம் கழித்து வாங்கியிருந்தாலும் ஒன்றும் குடி முழுகியிராது.

பூட்ஸை ஆறு வருஷம் கழித்து வாங்கியிருக்கலாம். கரிசல் காட்டின் இருமருங்கிலும் சீமைக் கருவேலம் செழித்திருக்கிறதல்லவா? அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்த அந்த விருந்தாளியின் முள் ஒன்று, சாத்தூர்ச் சாலையில் நமது டயருக்குள் புகுந்தது. மாற்று டியூப் இல்லை, பம்பு இல்லை. வழியில் மோட்டார் சைக்கிள்களுக்குப் பஞ்சர் ஒட்டும் கடைக்காரர் முள்ளை எடுத்து ஒட்டியும் கொடுத்தார். ஆனால் நமது டியூபில் இருந்தது பிரெஸ்டா என்னும் ஒல்லி வால்வு. அவருடைய காற்றுக் குழாய் அதைப் பிடிக்க மறுத்துவிட்டது. சுண்டுவிரல் நுனியளவு பித்தளைத் திருகு ஒன்று இருந்திருந்தால் காரியம் ஆகியிருக்கும். அது இல்லாமல், அடியில் கட்டை வைத்த பூட்ஸுடன், லாடம் கட்டிய மாடு போலச் சித்திரை வெயிலில் வண்டியைத் தள்ளிக்கொண்டு வீடு வந்து சேர்ந்தோம். இருந்த ஒரு புட்டித் தண்ணீரும் பாதி வழியில் தீர்ந்துவிட்டது.

இதெல்லாம் சிரித்துவிட்டுப் போகக்கூடிய சங்கதிகள். மார்கழியில் நடந்தது அப்படியல்ல.

விடியற்காலை ஐந்தரை மணி. ஆலைக்கு ஆள் ஏற்றிச் செல்லும் வேன் ஒன்று பின்னால் வந்தது. திடீரென்று பிரேக் அலறும் சத்தம். அடுத்த கணம் நாம் சாலையோரப் பாலத்துக் கல்லில் தலை மோதிக் கிடந்தோம். வேன் நம்மை இடிக்கவில்லை. மயிரிழையில் ஒதுங்கி, ஒரு சக்கரம் பள்ளத்தில் இறங்கிச் சாய்ந்து நின்றது. ஓடிவந்த டிரைவர் நம்மிடம் பத்தாவது வரை படித்தவன். கை நடுங்கத் தூக்கி உட்கார வைத்துவிட்டுச் சொன்னான்: "சார், கரிசக்காட்டு ரோட்டுல, கறுப்புச் சட்டை போட்டு, லைட்டு இல்லாம வந்தா நான் எப்படி சார் பாக்குறது?" வேனுக்குள்ளிருந்து பதினைந்து இருபது பெண்கள், சோற்றுத் தூக்குகளை அணைத்துக்கொண்டு நம்மை எட்டிப் பார்த்தார்கள். அடுத்த வீட்டு அம்மாளும் அவர்களில் இருந்தார். அவன் இன்னும் ஒரு முழம் ஒதுங்கியிருந்தால் வண்டி அவர்களோடு கவிழ்ந்திருக்கும்.

தலைக்கவசத்தின் நுரை குறுக்கே விரிசல் விட்டிருந்தது. அடியைத் தான் வாங்கி நசுங்குவதற்கென்றே செய்யப்பட்ட பொருள் அது. ஒரு தடவை மோதினால் அதன் ஆயுள் முடிந்தது, மேலே பளபளப்பாய் இருந்தாலும் புதிதுதான் வாங்க வேண்டும். 2003 மார்ச்சில் பாரிஸ்–நீஸ் பந்தயத்தில் கஜகஸ்தான் வீரர் ஆந்திரே கிவிலெவ் தலைக்கவசம் இல்லாமல் விழுந்து உயிரிழந்த பிறகுதான், தொழில்முறைப் பந்தயக்காரர்களுக்கே அது கட்டாயமாயிற்று. 200 கிலோமீட்டரை 13½ மணி நேரத்தில் கடக்கும் நெடுந்தூரச் சவாரிக்காரர்களுக்கோ, இருட்டிவிட்டால் முன்னும் பின்னும் விளக்கும், ஒளியைத் திருப்பும் மேலங்கியும் இல்லாமல் அனுமதி கிடையாது. நாம் வேண்டாமென்று திருப்பிக் கொடுத்த விளக்கு, அன்று வாங்கியவற்றில் எல்லாம் விலை குறைந்தது.

அன்று மாலை சாத்தூருக்குப் பஸ்ஸில் போய் விளக்கு இரண்டும், டியூப் ஒன்றும், கைப்பம்பும் வாங்கி வந்தோம். பள்ளிக்கூடத்துச் சைக்கிள் கொட்டகையைக் கடக்கும்போது நின்று பார்த்தோம். அரசாங்கம் கொடுத்த சைக்கிள்கள் வரிசையாக நின்றன. ஒன்றிலாவது விளக்கு இல்லை. தனி வகுப்பு முடிந்து பிள்ளைகள் இருட்டில்தான் பக்கத்துக் கிராமங்களுக்குப் போகிறார்கள். இத்தனை வருஷமாக அந்தத் தனி வகுப்பை நடத்தி வருவது வேறு யாருமல்ல.

மறுவாரம் ஒளியைத் திருப்பும் சிவப்புப் பட்டை இரண்டு சுருள் வாங்கிக் கொடுத்தோம். பிள்ளைகளே வெட்டி, மட்கார்டுகளில் ஒட்டினார்கள். கடைசியில் அரை முழம் மிஞ்சிற்று. நமது கறுப்புச் சட்டையின் முதுகில் ஒட்டச் சொன்னோம். "துணியிலே நிக்காது சார்" என்றான் ஒரு பையன். வீட்டில் கொடுத்துத் தைத்துக்கொண்டோம். தைக்கும்போதுதான் சட்டையின் விலை என்ன என்ற கேள்வி வந்தது.