வண்டியின் முகம்

வீட்டின் தலைவாயில் எத்திசையை நோக்க வேண்டும், கிணறு எம்மூலையில் அமைய வேண்டும் என்பதற்கெல்லாம் மனையடி சாத்திரம் வகுத்த நம் முன்னோர், வாசலில் நிற்கும் வண்டியின் முகம் எத்திசையில் இருக்க வேண்டும் என்பதற்கு விதியேதும் வகுத்துச் செல்லவில்லை. வகுக்க வேண்டிய தேவை அவர்களுக்கு நேரவில்லை என்பதே உண்மை. தமிழ்நாட்டு ஊர்கள் பலவற்றில் வண்டிப்பேட்டை என்ற பெயரில் தெருக்களும் திடல்களும் இன்றும் உண்டு. சந்தை நாளன்று பாரவண்டிகள் வந்து இறங்கிய இடங்கள் அவை. வண்டி நின்றதும் மாடுகளை அவிழ்த்துச் சக்கரத்தோடு கட்டி வைக்கோல் போடுவர். நுகத்தடி தரையில் சாயும். புறப்படும் வேளை வந்ததும் இரண்டு ஆட்கள் நுகத்தைப் பிடித்து வண்டியையே வட்டமாகத் திருப்பி விடுவர். அதன் பிறகே மாடுகளைப் பூட்டுவர். எப்பக்கம் பார்த்து நிறுத்தினாலும் புறப்பாட்டுக்கு இடையூறு இல்லை. மோட்டார் வண்டிக்கு அந்தச் சௌகரியம் ஏது? ஆயிரம் கிலோ எடையுள்ள காரைத் தூக்கித் திருப்ப யாரால் ஆகும்? ஆகவே, வந்து நிற்கும்போதே போவதையும் எண்ணிப் பார்க்க வேண்டியவர்களாக நாம் ஆகிவிட்டோம்.

2024 செப்டம்பரில் ஸ்ரீ விஜயபுரம் எனப் பெயர் மாற்றம் பெற்ற போர்ட் பிளேரின் தென்பகுதியில், விமான நிலையத்துக்குச் சற்றுத் தள்ளி அமைந்திருப்பது நமது டாலிகஞ்ச். தொழிற்பேட்டை, தேசியக் கடல்சார் தொழில்நுட்பக் கழகத்தின் ஆய்வு மையம், மரக்கடைகள், வண்டி பழுது பார்க்கும் பட்டறைகள், அவற்றுக்கு இடையிடையே குடியிருப்புகள் என்று கலந்து கிடக்கும் ஊர். இராமநாதபுரத்திலிருந்தும் மதுரையிலிருந்தும் திருநெல்வேலியிலிருந்தும் பிழைப்புத் தேடி வந்தோர், பர்மாவை விட்டு வந்தோர் என நம்மவர் பலர் இத்தீவில் வேரூன்றியவர்கள். முதல் தலைமுறை ஒரு டிரங்குப் பெட்டியோடு கப்பலிலிருந்து இறங்கியது. இன்றோ பெரும்பாலான வீடுகளில் இருசக்கர வண்டி ஒன்று. சிலவற்றில் அதனோடு ஒரு காரும் உண்டு. அவையும் வங்கக் கடலில் ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் கப்பலேறி வந்தவையே. வண்டிகள் பெருகின, சந்துகள் பெருகவில்லை. மேடும் பள்ளமுமான மண்ணில், ஒரு பக்கம் மழைநீர்க் கால்வாயும் மறுபக்கம் மண்சரிவைத் தடுக்கும் கற்சுவருமாக இருக்கும் சந்தில், ஒரு வண்டி நின்றால் இன்னொன்று ஒதுங்கிப் போவதே பெரும்பாடு.

வண்டி நிறுத்துவோரை இரண்டு சமயத்தாராகப் பிரிக்கலாம். வந்த வேகத்தில் மூக்கை நுழைத்து நிறுத்திவிட்டு இறங்கிப் போகிறவர் ஒரு சமயம். இடத்தைத் தாண்டிச் சென்று, பின்புறமாக மெல்ல நுழைத்து, முகத்தைச் சாலையை நோக்கி வைத்துவிட்டுப் போகிறவர் மற்றொரு சமயம். வைணவத்தில் வடகலை தென்கலை வழக்குப் போல இதற்கும் முடிவு கிடையாது. எனினும் நாம் எக்கலையைச் சார்ந்தவர் என்பதை மறைக்க வேண்டியதில்லை. பின்புறமாக நுழைப்பதே முறை என்பது நம் துணிபு.

காரணம் இல்லாமல் சொல்லவில்லை. காரில் திரும்புபவை முன்சக்கரங்கள் மட்டுமே. பின்னோக்கிச் செல்லும்போது அச்சக்கரங்கள் வண்டியின் வால்பக்கமாகி விடுகின்றன. படகின் சுக்கான் போல அவை பின்னிருந்து திசை காட்டுவதால் ஒடுங்கிய இடத்திலும் வண்டி வளைந்து புகுந்துவிடுகிறது. மூக்கால் நுழைய வேண்டுமானால் அதே வளைவுக்கு அகலமான இடம் தேவை. இது முதலாவது. இரண்டாவது, உயிரைப் பற்றியது. நுழையும்போது அவ்விடம் காலியாக இருப்பதைக் கண்ணால் பார்த்துவிட்டே நுழைகிறோம். ஒரு மணி நேரம் கழித்துப் புறப்படும்போது வண்டிக்குப் பின்னால் யார் நிற்கிறார், எந்தக் குழந்தை பந்தைத் தேடிக் குனிந்திருக்கிறது என்பது தெரியாது. முகம் சாலையை நோக்கியிருந்தால் எதிரே எல்லாம் தெரியும். முதுகு சாலையை நோக்கியிருந்தால் குருட்டு யோகத்தில்தான் வெளியே வர வேண்டும். பெருந்தொழிற்சாலைகள் பலவற்றில் பின்முகமாகவே வண்டியை நிறுத்த வேண்டும் என்று கட்டளை இருப்பதும் இதனாலேயே. தீப்பிடித்தாலோ விஷவாயு கசிந்தாலோ, திருப்பிக் கொண்டிருக்க அங்கே நேரம் இராது.

சிங்கப்பூரில் உள்ள உறவினரைப் பார்த்துத் திரும்பியவர்கள், அங்கே அடுக்கு வீடுகளின் கீழ் வண்டிகள் ஏறத்தாழ யாவும் பின்முகமாக நுழைந்து வரிசை பிடித்து நிற்பதை வியந்து சொல்வதுண்டு. ஜப்பானியர் வண்டியை மட்டுமன்றி வீட்டு வாசலில் கழற்றும் செருப்பையும் வெளிப்புறம் பார்த்துத் திருப்பி வைக்கும் வழக்கமுடையவர்கள். அமெரிக்கக் கடைவீதிகளிலோ மூக்கால் நுழைவதே பெருவழக்கு. வாங்கிய சாமான்களை வண்டியின் பின்பெட்டியில் ஏற்ற அதுவே எளிது என்பது அவர்கள் கட்சி. அதையும் தள்ளிவிட முடியாது. அவரவர் இடத்தின் அகலமும் அவரவர் அவசரமுமே வழக்கத்தை வகுக்கின்றன போலும்.

நம் தீவில் பின்முகமாக நுழைப்பதற்கு ஒரு தனி இலக்கியமே உண்டு. யாரேனும் ஒருவர் பின்சக்கரத்தைக் கண்டுவிட்டால் போதும்; தெரிந்தவரோ தெரியாதவரோ, நின்று கையை ஆட்டத் தொடங்கிவிடுவார். “ஆனே தோ, ஆனே தோ” என்று இந்துஸ்தானியில் தொடங்குவார். ஓட்டுபவர் தமிழர் என்று தெரிந்ததும், “வரலாம், வரலாம், கொஞ்சம் ஒடிங்க அண்ணே” என்று மாறும். இறுதியில் பின்பலகையில் தட்டி, “பஸ்!” வங்காளியும் தெலுங்கரும் ராஞ்சிக்காரரும் தமிழரும் எந்தக் கூட்டத்தில் ஒத்துப் பேசுகிறார்களோ இல்லையோ, பின்னால் வரும் வண்டிக்குக் கைகாட்டுவதில் ஒரே குரலில் பேசுகிறார்கள்.

சாலையோரத்தில் நீளவாக்கில் நிறுத்துவது வேறு சங்கதி. அங்கே முகம் எப்பக்கம் என்பது விருப்பத்தைப் பொறுத்ததன்று, சட்டத்தைப் பொறுத்தது. 1989ஆம் ஆண்டுச் சாலை விதிகளே, சாலையின் தவறான பக்கத்தில் வண்டியை நிறுத்தலாகாது என்று கூறிவிட்டன. 2017இல் அவ்விதிகளுக்குப் பதிலாகப் புதிய விதிகள் வந்தன. இடப்பக்கம் செல்லும் நாட்டில் இடப்பக்கமே நிறுத்த வேண்டும்; வண்டியின் முகம் போக்குவரத்து ஓடும் திசையிலேயே இருக்க வேண்டும். எதிர்ப்பக்கத்துக் கடைக்குப் போகிறவர் சாலையைக் குறுக்கே கடந்து, வருகிற வண்டிகளை முறைத்துப் பார்த்தபடி நிறுத்திவிட்டு இறங்குவதை நாள்தோறும் காண்கிறோம். புறப்படும்போதுதான் வினை தெரியும். ஓட்டுநர் இருக்கை வலப்பக்கம். அதுவோ இப்போது சாலையின் ஓரத்தை ஒட்டிக் கிடக்கிறது. முன்னால் ஒரு லாரி நின்றுவிட்டால், எதிரே வருவது என்னவென்று காண வண்டியின் மூக்கைப் பாதிச் சாலைக்கு நீட்டியாக வேண்டும்.

இருட்டினால் ஆபத்து இன்னும் பெரிது. வண்டியின் பின்புறத்தில் சிவப்பு எதிரொளிப்பான்கள் பதித்திருப்பது, நிற்கும் வண்டியைப் பின்னால் வருபவர் தம் விளக்கொளியில் தொலைவிலேயே கண்டுகொள்வதற்காக. வண்டி தலைகீழாக நின்றால் அந்தச் சிவப்பு, காண வேண்டியவரின் கண்ணுக்குப் படாது. பகலில் இவ்விஷயத்தில் தாராளமாக இருக்கும் இங்கிலாந்துக்காரர்கள் கூட, இரவில் போக்கின் திசை நோக்கியே நிறுத்த வேண்டும் என்று தங்கள் நெடுஞ்சாலை விதிநூலில் எழுதி வைத்திருக்கிறார்கள். நமக்கு இரவு எப்போது தொடங்குகிறது என்பதை வாசகர் எண்ணிப் பார்க்க வேண்டும். நாட்டின் கிழக்கோரத்தில் இருந்துகொண்டு இந்திய நேரத்தைக் கடைப்பிடிப்பதால், டிசம்பரில் மாலை ஐந்து மணிக்கெல்லாம் சூரியன் மறைந்துவிடுகிறது. சென்னையில் வெயில் இருக்கும் நேரத்தில், இங்கே அலுவலகம் முடிந்து வருகிறவர்கள் இருளில்தான் வீடு திரும்புகிறார்கள்.

சரிவைப் பற்றியும் சொல்ல வேண்டும். சமதரை அரிதான ஊரில் அதைச் சொல்லாமல் விட்டால் குறையாகும். இறக்கத்தைப் பார்த்து நிறுத்தினால் முன்சக்கரங்களை ஓரத்தை நோக்கித் திருப்பி, பின்னோக்கிச் செல்லும் கியரில் விட வேண்டும். ஏற்றத்தைப் பார்த்து நின்றால் முதல் கியர். கைபிரேக் மட்டும் போதும் என்று நம்புவோர், எப்போதாவது ஒரு நாள் தம் வண்டி தம்மை விட்டுத் தனியே ஊர்வலம் போவதைக் காண்பார்கள். மலேசியாவில், பிறர் வண்டிக்குக் குறுக்கே நிறுத்த நேர்ந்தால் கைபிரேக்கைத் தளர்த்தி, கியரையும் விடுவித்து வைப்பார்கள் என்றும், உள்ளே சிக்கியவர் கையால் தள்ளிவிட்டு வெளியே போவார் என்றும் அங்கிருந்து வந்த நண்பர் ஒருவர் கூறினார். நல்ல பண்புதான். ஆனால் அதை நம் சந்துகளில் செய்தால் வண்டியைக் கால்வாயில்தான் தேட வேண்டும்.

இருசக்கர வண்டிகள் ஏற்றத்தைப் பார்த்து நிற்பதே நலம். இறக்கத்தைப் பார்த்து நின்றால் முன்னோக்கி நகர்ந்து, பக்கத் தாங்கி மடிந்து, சாய்ந்து விழும். ஆண்டுக்கு ஏறக்குறைய மூவாயிரம் மில்லிமீட்டர் மழை பெய்யும் மண்ணாதலால், தாங்கி சேற்றில் இறங்குவது வேறு. அதற்கு நம் பெண்கள் கண்ட பரிகாரம் தேங்காய் மட்டை. ஸ்கூட்டரில் கைப்பையோடு ஒரு துண்டு மட்டையையும் வைத்திருப்பார்கள்; நிறுத்துமிடத்தில் தாங்கிக்கு அடியில் போட்டுவிட்டு நடப்பார்கள். எந்தக் கம்பெனியும் இதைவிடச் சிறந்த உபகரணம் செய்து தரவில்லை.

சில ஆண்டுகளுக்கு முன் ஓர் இரவு நமது சந்தில் நடந்ததைச் சொல்ல வேண்டும். கோடி வீட்டுப் பெரியவருக்கு நெஞ்சுவலி. அவருடைய மருமகன் கார் வைத்திருந்தார். வழக்கம்போல் முகத்தைச் சாலைக்குக் காட்டியே நிறுத்தியிருந்தார். சாவியைத் திருப்பினால் போதும். ஆனால் சந்தின் வாயில், எங்கோ விருந்துக்கு வந்த ஒருவரின் வண்டி மூக்கால் நுழைந்து வழியை அடைத்து நின்றது. யாருடையது என்று தெரியவில்லை. கண்ணாடியில் ஒரு தொலைபேசி எண் கூட இல்லை. கதவு கதவாகத் தட்டினோம். கடைசியில் இளைஞர் நால்வர் பெரியவரை நாற்காலியோடு தூக்கிக்கொண்டு பெருஞ்சாலைக்கு ஓடினர். ஆட்டோ ஒன்று கிடைத்தது. பெரியவர் பிழைத்தார். வண்டிக்காரர் முக்கால் மணி நேரம் கழித்து வந்து, “ஐந்து நிமிடம்தானே” என்றார். பெரியவரின் மகள் அவரை ஒன்றும் சொல்லவில்லை. நாற்காலியை மட்டும் அவர் கண்முன்னே எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

தீவில் வாழ்வோருக்கு இது தனிப்பட்ட வீட்டுக் கவலையோடு முடிவதில்லை. 2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை, காலை ஆறரை மணி அளவில் நிலம் குலுங்கியது. சுமத்திராவுக்கு அப்பால் தொடங்கிய அந்த நிலநடுக்கத்தின் அளவு 9.1. போர்ட் பிளேர்ப் பகுதியில் தரையே ஏறக்குறைய ஒரு மீட்டர் தாழ்ந்தது. சிப்பிகாட்டில் வயலாக இருந்த இடங்கள் கடல்நீரில் மூழ்கின. கச்சால் தீவின் இரப்பர்த் தோட்டத்தில், 1964ஆம் ஆண்டு சிறிமாவோ–சாஸ்திரி உடன்படிக்கையின் பின் இலங்கையிலிருந்து வந்து குடியேறிய நம்மவர் இருந்தனர். அந்தத் தீவு அன்று பட்ட துன்பத்தை இங்கே விரிக்க மனம் வரவில்லை.

பிறகு 2012 ஏப்ரல் 11 அன்று பிற்பகலில் 8.6 அளவில் மீண்டும் கடலடி அதிர்ந்தது. எச்சரிக்கை வந்தது, பேரலை வரவில்லை. ஆனால் அந்த இரண்டு மணி நேரத்தில் நாம் கண்டதை மறப்பதற்கில்லை. முகம் வெளியே பார்த்து நின்ற வண்டிகள் முதலில் கிளம்பின. மற்றவை பின்னோக்கி வந்து ஒன்றோடொன்று முட்டிக்கொண்டன. எனினும் முதலில் கிளம்பியவையும் நெடுந்தூரம் போகவில்லை. மேட்டுக்குப் போகும் சாலையில் எல்லாரும் ஒரே நேரத்தில் சேர்ந்ததால் வண்டிகள் நின்றுவிட்டன. கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு நடந்தவர்கள், உள்ளே அமர்ந்து ஒலியெழுப்பியவர்களைக் கடந்து மேலே போனார்கள். நில அதிர்வு உணர்ந்தால் கால்நடையாக மேட்டுக்குச் செல்லுங்கள் என்று வல்லுநர் கூறுவதன் பொருள் அன்று விளங்கியது. ஆகவே பின்முகமாக நிறுத்துவதை நாம் ஆதரிப்பது, ஆபத்தில் வண்டியேறித் தப்புவதற்காக அன்று. நடப்பவருக்கும் நோயாளி வண்டிக்கும் வழி அடைபடாமல் இருக்க, நிற்கும் வண்டி ஒழுங்காக, ஓரமாக, நொடியில் அகற்றத்தக்கதாக நிற்க வேண்டும்.

இவ்வளவும் சொல்லி நம் சந்தில் ஒரு விதி கொண்டுவரப் பார்த்தோம். முனையில் தேநீர்க் கடை வைத்திருக்கும் கமுதிக்காரர் ஒத்துக்கொள்ளவில்லை. “எல்லாரும் முதுகைத் திருப்பி நிறுத்தினா, புகையெல்லாம் என் பாய்லருக்கும் வடைத் தட்டுக்கும்தானே வருது? ஐயா சொல்ற சட்டம் வண்டிக்குச் சரி, வடைக்குச் சரியில்லையே” என்றார். நியாயமான வழக்கு. இரண்டு மாலைகள் அவர் கடையிலேயே அமர்ந்து பேசினோம். தேநீருக்கு அவர் காசு வாங்கவில்லை. இறுதியில் ஓர் ஏற்பாடு ஆயிற்று. கடைக்கு எதிரே உள்ள மூன்று இடங்களில் மட்டும் மூக்கால் நுழையலாம். அங்கிருந்து புறப்படும்போது கடைப்பையன் ஒருவன் வெளியே வந்து கைகாட்ட வேண்டும். மற்ற எல்லா இடங்களிலும் முகம் சாலையை நோக்க வேண்டும். கண்ணாடிக்குள் தொலைபேசி எண் தெரிய வேண்டும். சந்தின் வாயில் கால்மணி நேரத்துக்குக் கூட எதுவும் நிற்கக் கூடாது. மரக்கடைக்காரர் ஒரு பலகை கொடுத்தார். தமிழிலும் இந்தியிலும் எழுதி மாட்டியாயிற்று. வங்காள எழுத்திலும் வேண்டும் என்று எதிர்வீட்டு அம்மையார் கேட்டிருக்கிறார். பலகையின் அடியில் அதற்கு இடம் விட்டு வைத்திருக்கிறோம்.