கஞ்சிப் பாசியும் கட்டுரையும்

தமிழ்ச் சிறப்புப் பாடம் பயிலும் மாணாக்கன் ஒருவன் கடற்பாசியைப்பற்றி எழுதப் புகுவது கண்டு நண்பர் சிலர் நகைத்தல் கூடும். தொல்காப்பியத்தோடு மல்லுக்கு நிற்க வேண்டியவனுக்குத் தாவர நூலாரின் புட்டிகளோடு என்ன வேலை என்று விடுதியில் என்னை வினவியோர் பலர். அவர்க்கெல்லாம் அன்று கூறாது விடுத்த விடையை ஈண்டு எழுதுகின்றேன். தாவர நூல் பயிலும் என் நண்பர் ஒருவர், எங்கள் ஊர்க் கரையிற் காணும் கடற்பாசிகளைக் குறித்து ஆராய்ச்சிக் கட்டுரை ஒன்று இயற்றி ஓர் இதழுக்கு விடுத்தார். அக்கட்டுரை உருவான ஓராண்டு முழுதும் யான் அவருடன் இருந்தேன். பாம்பனுக்கு அணித்தான சிற்றூரிற் பிறந்தவன் யான். என் அத்தையார் பாசி எடுக்கும் தொழிலினர். இவ்விரண்டுமே என்னை அவ்வேலையிற் புகுத்தின.

பாசி என்னும் சொல் நமக்குப் புதிதன்று. குறுந்தொகையிலே பரணர், ஊரார் நீருண்ணும் துறையிற் படர்ந்த பாசியைத் தலைவியின் பசலைக்கு உவமை கூறியுள்ளார். கை பட்ட இடத்தில் அகன்று, கையை எடுத்தவுடன் மீண்டும் மூடிக்கொள்ளும் அதன் இயல்பை எத்துணை நுணுக்கமாகக் கண்டிருக்கின்றார் அப்புலவர்! ஆயின் அது நன்னீர்ப் பாசி. கடலில் வளர்வனவற்றைப் பச்சை, பழுப்பு, சிவப்பு என மூவகையாகப் பகுப்பர். வேர் போலத் தோன்றுவது வேரன்று. பாறையைப் பற்றி நிற்றற்குரிய பிடிப்பே. பூவுமில்லை, வித்துமில்லை. சிவப்புப் பாசி என்று நூலார் வகுத்தது வெயில் மிக்க கரையிலே பச்சையாகவும் மஞ்சளாகவும் வெளுத்துக் காணப்படுதலும் உண்டு. ஆதலின் நிறத்தை மட்டுங் கண்டு இனஞ் சொல்லிவிடலாகாது.

எங்கள் பகுதியில் இத்தொழில் செய்வோர் பெரும்பாலும் பெண்டிரே. கண்ணுக்குக் கண்ணாடி அணிந்து, விரல்களிலே துணி சுற்றி, இடுப்பிலே பை கட்டி, மூச்சடக்கி மூழ்கிப் பறிப்பர். பாறையும் பவளமும் விரலைக் கிழிக்கும். அவர்கள் வழங்கும் பெயர்களைக் கேட்ட மாத்திரத்தே என் நண்பர் குறிப்பேட்டைத் திறந்துவிட்டார். மரிக்கொழுந்துப் பாசி, கஞ்சிப் பாசி, கட்டைக்கோரை, பக்கோடாப் பாசி என்பன அவை. மரிக்கொழுந்துப் பாசியைத் தாவர நூலார் கெலிடியெல்லா ஏசரோசா என்பர். மரிக்கொழுந்தின் தழைபோல நெருங்கிக் கிளைத்திருத்தல் கண்டு நம்மவர் அப்பெயர் இட்டனர் போலும். கஞ்சிப் பாசி, கிராசிலேரியா எடுலிஸ். இவ்விரண்டிலிருந்தும் அகர் என்னும் பொருளை எடுக்கின்றனர். நம் ஆய்வுக்கூடத்தில் நுண்ணுயிர் வளர்க்கும் கண்ணாடித் தட்டுகளிற் கூழாய் உறைந்து கிடப்பது அதுவே. கட்டைக்கோரை சர்காசம், பக்கோடாப் பாசி டர்பினேரியா. இவை பழுப்பு வகையின. இவற்றினின்று வரும் அல்ஜினேட்டு, துணியிற் சாயம் அச்சிடுவார்க்குப் பெரிதும் உதவுவது.

கஞ்சிப் பாசியின் பெயரில் என் உள்ளம் சிறிது தங்கிற்று. எடுலிஸ் என்னும் இலத்தீன் சொல்லுக்கு உண்ணத்தக்கது என்பது பொருள். எங்கள் கரை மக்களோ, அதனைக் கஞ்சி காய்ச்சி உண்டமையாற் கஞ்சிப் பாசி என்றனர். ஒருவரையொருவர் அறியாத இருவேறு மக்கள், ஒரு பொருளை ஒரே காரணம்பற்றிப் பெயரிட்டு அழைத்திருக்கின்றனர். நன்னூல் வகுப்பிலே காரணப் பெயருக்கு எடுத்துக்காட்டுக் கேட்கும் ஆசிரியர்க்கு இதனினும் சிறந்த சொல்லை யான் தர இயலாது.

மேசைமுன் அமர்ந்து எழுதும் வேலை இத்தகைய கட்டுரையிற் பத்திலொரு பங்குதான். ஏனைய ஒன்பதும் கரையிலும் தட்டிலும் நடப்பன. மன்னார் வளைகுடாத் தீவுகள் 21உம் 1986ஆம் ஆண்டிற் கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பெற்றவை. அங்கே இசைவின்றிப் பறித்தல் ஆகாது. ஆகலின் ஊர்க் கரைப் பாறைகளிலும் அலை ஒதுக்கிய குவியல்களிலுமே யாங்கள் சேகரித்தோம். அமாவாசை, பௌர்ணமி நாட்களை ஒட்டி நீர் மிகவும் வற்றும் வேளை பார்த்துப் போதல் வேண்டும். பறித்ததைக் கடல்நீரிலேயே அலசி மணலும் சிப்பியும் நீக்குவோம். பின்பு அகன்ற தட்டில் நீர் நிரப்பி, அடியிற் கெட்டித் தாளை அமிழ்த்தி, மேலே பாசியை மிதக்கவிட்டு, கிளைகளைத் தூரிகையாற் பிரித்துத் தாளை மெல்ல உயர்த்தினால், நீர் வடியப் பாசி அதன்மேற் படிந்துவிடும். மேலே மெல்லிய துணி பரப்பி ஒற்றுத்தாள்களுக்கிடையே அழுத்தி வைப்பர். ஒற்றுத்தாளை நாள்தோறும் மாற்றாவிடிற் பூஞ்சணம் பிடிக்கும். பெரும்பாலான பாசிகள் தம் பசையினாலேயே தாளில் ஒட்டிக்கொள்ளும் என்பது வியப்பிற்குரியது. ஒவ்வொன்றிலும் ஒரு துண்டை ஃபார்மலின் கலந்த கடல்நீரிலே புட்டியில் இடுவர். அது பின்னர்ச் சவரத் தகட்டால் மெல்லியதாகச் சீவி நுண்ணோக்கியிற் காண்பதற்காம்.

1843ஆம் ஆண்டில் ஆன்னா அட்கின்ஸ் என்னும் ஆங்கில அம்மையார், பாசிகளை ஒளிபடு தாள்மேல் வைத்து வெயிலிற் காட்டி, நீலப் படங்களாக்கி நூலாக வெளியிடத் தொடங்கினார். அப்படங்களைக் கண்டவர் மறவார். ஆயினும் ஆராய்ச்சிக்கு வேண்டுவது படமன்று, பாசியே. அத்தாளின் மூலையிலே எழுதும் சிறு குறிப்பு அதனினும் வேண்டுவது: எடுத்த இடம், நாள், நீரின் ஆழம், பற்றியிருந்தது பாறையோ பவளமோ மணலோ, எடுத்தவர் யார், வரிசை எண் யாது என்பன. எச்சுவடியிற் கண்ட பாடம் என்று கூறாமற் பாடங் காட்டும் பதிப்பாசிரியரை நாம் நம்புவோமா? அவ்வாறே, எண்ணிட்டுக் காத்த தாளில்லாத பாசிக் கட்டுரையை அத்துறையார் நம்புவதில்லை. ஐம்பது ஆண்டு கழித்து வருவானொருவன், இப்பெயர் பொருந்துமா என்று ஐயுற்றால், அத்தாளை எடுத்துப் பார்த்தல் வேண்டும். ஊர் ஊராகச் சுவடி தேடிய டாக்டர் சாமிநாதையரின் உழைப்பை அறிந்த தமிழ் மாணாக்கர்க்கு இதனை விரித்துரைக்க வேண்டுவதில்லை.

முன்னோர் கட்டுரைகளைப் படித்தல் அடுத்த வேலை. பாம்பனை அடுத்த குருசடைத் தீவின் பாசிகளைக் குறித்து, சென்னையில் தாவர நூற் பேராசிரியராய் விளங்கிய எம். ஓ. பார்த்தசாரதி ஐயங்கார் 1927ஆம் ஆண்டில் எழுதினார். ஈர மண்ணில் வாழும் பாசியொன்றைக் கண்டு, லண்டன் பேராசிரியர் ஃபிரிட்ஷின் பெயரால் ஃபிரிட்ஷியெல்லா என 1932இல் உலகிற்கு அறிவித்தவரும் அவரே. டென்மார்க்கினரான பெர்கெசன், தென்னிந்தியக் கடற்பாசிகளை 1937இலும் 1938இலும் தொடர் கட்டுரைகளாக எழுதினார். எங்கள் கரைப் பாசிகள் அக்கட்டுரைகளிற் பெருமித நடை நடப்பது கண்டு மகிழ்ந்தேன். ஆயினும் அவற்றைப் பறித்தெடுக்கும் பெண்டிர் வழங்கும் சொற்களை யான் தேடினேன், தேடியது கிட்டவில்லை.

மரிக்கொழுந்துப் பாசியின் நூற்பெயர் வரலாறு ஒரு கதைபோல்வது. லின்னேயசின் மாணாக்கர் ஃபோர்ஸ்கால் என்பார், டென்மார்க்கு அரசர் விடுத்த அரேபியப் பயணக் குழுவிற் சென்றார். 1763இல் ஏமன் நாட்டிலே நோயுற்று இறந்தார். குழுவினர் அறுவருள் உயிரோடு நாடு திரும்பியவர் நீபூர் ஒருவரே. தோழரின் குறிப்புகளைக் காத்து, 1775ஆம் ஆண்டில் அவர் நூலாக்கி வெளியிட்டார். மரிக்கொழுந்துப் பாசிக்கு முதற்கண் நூற்பெயர் கிடைத்தது அந்நூலிலேதான். ஃபூக்கஸ் இனத்தில் அன்று வைத்ததைப் பின்வந்தோர் வேறு இனத்திற்கு மாற்றினர். கஞ்சிப் பாசியைக் கிராசிலேரியா என்பார் ஒருசாரார், ஹைட்ரோபண்டியா என்பார் ஒருசாரார். நூலோர் பெயர் இங்ஙனம் இடம்பெயர்ந்துகொண்டிருக்க, கஞ்சிப் பாசி மட்டும் கஞ்சிப் பாசியாகவே இருக்கின்றது.

பெயர் ஒரு சிறு செய்திதானே என்பாரும் உளர். காப்பாஃபைக்கஸ் என்னும் அயற்பாசியை 1990களில் மண்டபத்தில் வளர்த்துப் பார்த்தனர். பின்பு அது மூங்கில் மிதவைகளிற் கட்டி வளர்க்கும் பயிராயிற்று. அதனை ஒப்பந்தப் பயிராக வளர்ப்பித்த நிறுவனத்தின் பெயரால் பெப்சிப் பாசி என்றே எங்கள் பக்கத்தார் வழங்குவர். குருசடைத் தீவருகே அது பவளங்களின்மேற் படர்ந்திருத்தலை 2008ஆம் ஆண்டிற் ‘கரண்ட் சயன்ஸ்’ இதழில் வந்த கட்டுரையொன்று அறிவித்தது. பவளத்தைக் காப்பார் ஒருபுறமும், மிதவையை நம்பி வாழ்வார் மறுபுறமும் நின்று அதனை வாசித்தனர். ஆராய்ச்சிக் கட்டுரை ஆராய்ச்சியாளர்க்கு மட்டும் உரியதென்று அதன்பின் யார் கூறுவர்?

கட்டுரை நீண்டால்தான் மதிப்பென்று எண்ணுவார்க்கு ஒன்று கூறுவேன். சப்பானியர் விரும்பி உண்ணும் நோரி என்பது அன்று போர்ஃபைரா இனத்தில் வைக்கப்பட்டிருந்த சிவப்புப் பாசி. கோடையில் அது மறைந்துவிடும். எங்கே போகின்றது என்பதை ஒருவரும் அறியார். இங்கிலாந்தின் மான்செஸ்டர் நகரத்துக் காத்லீன் டுரூ அம்மையார், தம் நாட்டுப் போர்ஃபைராவை ஆய்ந்து, அதன் வித்துத்துகள்கள் கிளிஞ்சலைத் துளைத்துச் சென்று இளஞ்சிவப்பு இழைகளாய் வாழ்கின்றன எனக் கண்டார். அவ்விழைகளைத் தனிப் பாசியாகக் கருதி வேறு பெயரிட்டிருந்தனர் முன்னோர். உண்மையில் இரு பெயரும் ஓருயிர்க்கே உரியன. 1949ஆம் ஆண்டு ‘நேச்சர்’ இதழில் வந்த அக்கட்டுரை மிகச் சிறியது. அதனைக் கொண்டே சப்பானியர் கிளிஞ்சலில் வித்திட்டு நோரி வளர்க்கலாயினர். அவர்கள் 1963இல் அம்மையார்க்கு நினைவுக்கல் நாட்டினர். திருமணமானவர் என்பதனாற் பல்கலைக்கழக விரிவுரையாளர் பதவியை இழந்த அவர், சப்பானை ஒருகாலும் கண்டதில்லை, 1957இலேயே மறைந்தார்.

எங்கள் கட்டுரைக்கு வருவேன். கரையிலிருந்து ஒரே பையிற் கொணர்ந்த செந்நிறப் பாசிகளைத் திண்ணையிற் கொட்டியபோது அத்தையார் அருகமர்ந்தார். நாங்கள் கேளாமலே அக்குவியலை இரண்டாகப் பிரித்தார். “இது கஞ்சிப் பாசி, இது வேற, மருமகனே. ரெண்டையும் கலந்து கொண்டுபோனா யாவாரி விலையக் கொறச்சிருவான். கையில பிடிச்சாலே தெரியும்” என்றார். நண்பர் இரண்டையும் சீவி நுண்ணோக்கியிற் பார்த்தார். ஒன்றில் நடுவிடம் முழுதும் பெரிய உயிரணுக்கள். மற்றொன்றில் அவற்றின் மையத்தே சிறிய அச்சணு ஒன்று தனித்துத் தோன்றிற்று. பின்னது ஹிப்னியா இனம். அத்தையார் விரலும் ஆடிக்கல்லும் ஒன்றே கூறின. அன்றே நண்பர் அட்டவணையில் ஊர்ப்பெயர்க்கென ஒரு நிரல் வகுத்தார். அதனை நிரப்பும் பணி எனக்கு வாய்த்தது.

எவ்விதழுக்கு விடுப்பது என்பதிலும் பேராசிரியர் எங்களைக் காத்தார். பணம் செலுத்தினால் ஒரு வாரத்தில் வெளியிடுவோம் என்று நாள்தோறும் மின்னஞ்சல் விடுக்கும் இதழ்கள் பல. மதிப்பிடுவார் இன்றி வெளிவருவது அச்சேயன்றி ஆராய்ச்சியன்று என்று அவர் கூறி, நற்பெயருடைய ஓரிதழைக் காட்டினார். மும்மாதம் கழித்து மதிப்பீட்டாளர் இருவர் கருத்துகள் வந்தன. ஒருவர் காப்பகத் தாள்களின் எண்களைக் கேட்டார், அவை ஆயத்தமாயிருந்தன. மற்றவரோ, ஊர்ப்பெயர் நிரல் அறிவியலுக்குப் பயனற்றது, நீக்குக என்று எழுதினார்.

நண்பர்க்கு மேற்படிப்பு விண்ணப்ப நாள் நெருங்கியிருந்தது. ஏற்புக் கடிதம் அவர்க்கு இன்றியமையாதது. ஒரு நிரலை நீக்கினால் எல்லாம் முடியும் என்றார். பிழைக்க வேண்டியவர் கூற்று அது. யான் அதனை இகழேன். ஆயினும் ஒப்பவில்லை. பாசிக்குப் புதுப் பெயரிடுவார் அதன் இலக்கணத்தை 1958 முதல் 2011 வரை இலத்தீனிலேயே எழுதல் வேண்டும் என்பது உலகினர் வகுத்த விதி. 2012 முதல் ஆங்கிலமும் ஏற்கும். அவ்விதியிலே தமிழுக்கு இடங் கேட்டேனல்லேன். அட்டவணையின் ஓரத்திலே நான்கு சொற்களுக்கு இடங் கேட்டேன். இரண்டு இரவு வழக்காடினோம். மூன்றாம் நாட்காலை நண்பர் தாமே அமர்ந்து விடை எழுதினார்: இந்நிரலைத் தந்தவர்கள் நுண்ணோக்கியின்றி இரண்டு இனங்களைப் பிரித்தறிந்தனர், அதற்குச் சான்றான தாள்களின் எண்கள் இவை, இப்பாசிகளை விற்போரிடமும் வாங்குவோரிடமும் விசாரிக்கப் புகும் எவர்க்கும் இப்பெயர்களே வழிகாட்டும் என்று. யான் அதில் ஓரெழுத்தும் சேர்க்க வேண்டியிருக்கவில்லை.

இதழாசிரியர் நிரலை ஏற்றார். தமிழெழுத்தில் அச்சிட வசதியில்லை என்று உரோம எழுத்திற் பெயர்த்து வெளியிட்டனர். விண்ணப்ப நாளுக்கு நான்கு நாள் முன்னே கடிதம் வந்து சேர்ந்தது. சேகரித்தோர் வரிசையில் அத்தையார் பெயரும் உண்டு. அதனைப் படித்துக் காட்டியபோது, “பேரெல்லாம் எதுக்கு? அந்தத் தாளுல கரையான் ஏறாமப் பாத்துக்குங்க” என்றார்.

அச்சில் இடம்பெறாத தமிழெழுத்துகளை யான் தாள்களின் மூலையிலேயே எழுதி வைத்திருக்கின்றேன். தாள்கள் 38, நம் தாவர நூற் காட்சியறையில் வடபுறத்து நிலைப்பேழையிலே இரண்டாம் தட்டில் உள்ளன. காண விரும்பும் அன்பர்கள் உதவியாளரிடம் திறவுகோல் கேட்கலாம். ஈரக் கையோடு தொடவேண்டா. காய்ந்த பாசி நீர் பட்டால் நெகிழ்ந்து தாளைவிட்டு எழும்பிவிடும்.