மாட வீதியில் மாவிலை

ஆயுத பூஜைக்கு முதல் நாள் மயிலாப்பூர் மாட வீதிக்குப் போகிறவர்களுக்குக் கால் வைக்க இடம் கிடைப்பதே பெரும் பாக்கியம். பொரி, கடலை, வாழைக்கன்று, பூசணிக்காய் எல்லாம் நடுத்தெரு வரையில் வந்து நம்மை வரவேற்கும். சென்ற வருஷம் அந்தக் கூட்டத்தில் நாமும், ஏழாம் வகுப்பில் படிக்கும் நம் குமாரியும் நீந்திக் கொண்டிருந்தோம். தெற்கு மாட வீதித் திருப்பத்தில் ஓர் அம்மாள், அட்டை ஒன்றில் சாக்குக் கட்டியால் "மாவிலை 20" என்று எழுதிச் சாய்த்து வைத்திருந்தாள். குமாரி நின்று விட்டாள்.

"அப்பா! மாவு விலை இருபது ரூபாய்தானா? இவ்வளவு மலிவா?"

"மாவு இல்லையம்மா. மா இலை. தோரணம் கட்டுவதற்கு."

அவள் சிரித்தாள். நமக்குச் சிரிப்பு வரவில்லை. பதினைந்து வருஷங்களுக்கு முன் நடந்த ஒரு காரியம் ஞாபகத்துக்கு வந்து விட்டது. தமிழ்ப் பரீட்சையில் "பிரித்து எழுதுக: மாவிலை" என்று ஒரு கேள்வி போட்டிருந்தோம். வகுப்பு முழுவதும் மா + இலை என்று எழுதிற்று. ஒரே ஒரு பையன் மட்டும் மா + விலை என்று எழுதினான். அவனுடைய தகப்பனாருக்கு மாவு மில். நாம் சிவப்பு மையினால் ஒரு பெரிய பூஜ்யம் போட்டோம். பையன் ஏதோ சொல்ல வந்தான். உட்காரச் சொல்லி விட்டோம்.

மா என்றால் மாமரம்; மா என்றால் அரிசி மாவும்தான். மா + இலை என்னும் போது இரண்டு உயிருக்கும் நடுவே வகர உடம்படுமெய் வந்து நின்று மாவிலை ஆகிறது. மா + விலை என்னும் போது யாரும் நடுவே வரவேண்டியதில்லை, அதுவும் மாவிலையே. இலக்கணம் இரண்டுக்கும் இடம் கொடுக்கிறது. அன்று இடம் கொடுக்காதவர் நாம்தான்.

கல்லூரியை விட்ட புதிதில் இரண்டு வருஷம் மாலை வேளைகளில் நாம் ஜெர்மானிய பாஷை படித்ததுண்டு. எதற்காகப் படித்தோம் என்பதை வீட்டில் இன்று வரையில் விளங்க வைக்க முடியவில்லை. ஆனால் இந்த மாவிலை போன்ற சங்கடங்கள் நமக்கு மட்டும் உரியவை அல்ல என்ற ஆறுதலை அந்தப் பாஷைதான் அளித்தது. அந்த ஊர்க்காரர்கள் பெயர்ச்சொற்களை ரயில் வண்டி போலக் கோத்து விடுவார்கள். உலகப் பிரசித்தமான உதாரணம் ஒன்று: டோனாவ்டாம்ப்ஃப்ஷிஃப்ஃபார்ட்ஸ்கெஸெல்ஷாஃப்ட். பயப்பட வேண்டாம். டோனாவ் என்பது டான்யூப் நதி, டாம்ப்ஃப், நீராவி, ஷிஃப், கப்பல், ஃபார்ட், பிரயாணம், கெஸெல்ஷாஃப்ட், கம்பெனி. டான்யூப் நதி நீராவிக் கப்பல் போக்குவரத்துக் கம்பெனி. 1829இல் வியன்னாவில் நிஜமாகவே ஆரம்பிக்கப்பட்ட கம்பெனி அது. தமிழில் சொன்ன போதும் வரிசை மாறவில்லை பாருங்கள்! இரண்டு பாஷைகளிலும் கடைசிச் சொல்தான் எஜமானன். முன்னால் நிற்பவர்கள் எல்லாரும் கட்டியம் கூறுகிறவர்கள். நடுவே ஃபார்ட் என்பதோடு ஒட்டிக் கொண்டு ஒரு "ஸ்" நிற்கிறதே, அது யார்? நம் சாரியைதான்! புளி + காய், புளியங்காய் ஆகும் போது நடுவில் ஓர் "அம்" வந்து நிற்கவில்லையா? அந்த ஜாதி.

ஒரு வித்தியாசம் உண்டு. அவர்கள் சொற்களை ஒட்டுகிறார்கள். நாம் உருக்கி வார்க்கிறோம். கோயிலுக்குள்ளே எழுந்தருளியிருக்கும் கற்பகாம்பாளின் திருநாமத்தை எடுத்துக் கொள்ளுங்கள். கற்பக + அம்பாள். நடுவிலுள்ள "கா"வை எந்தப் பக்கம் சேர்ப்பது? வெட்ட முடியாது. ஷிஃப் என்பதன் முடிவில் இரண்டு "எஃப்". ஃபார்ட்டின் தலையில் ஒன்று. முன்னெல்லாம் சேர்த்து எழுதும்போது ஒன்றை விட்டு விடுவார்கள். வரியின் கடைசியில் சொல் இரண்டாக முறியும் போது விட்டது திரும்பி வரும். "வீடில்லை" என்பதைப் பிரித்தால் தொலைந்த உகரம் திரும்புவது போலத்தான். 1996ஆம் வருஷத்து எழுத்துச் சீர்திருத்தத்துக்குப் பிறகு மூன்றையும் எழுதி விடுகிறார்கள். ஜெர்மானியப் பிள்ளைகளுக்கு ஒரு கஷ்டம் தீர்ந்தது.

மாவிலைக் கொத்தை வாங்கிக் கொண்டு பஸ் ஏறினோம். குமாரிக்கு ஒரு பாவாடைத் துணி தியாகராய நகரில் வாங்க வேண்டியிருந்தது. முன் ஆசனத்தில் ஒருவர் பத்திரிகையை விரித்துப் பிடித்திருந்தார். குமாரி அவர் தோளுக்கு மேலாக, "அந்த... மான் கடலில் புயல்" என்று வாசித்தாள். வரியின் முடிவில் "அந்த" நின்று, அடுத்த வரியில் "மான்" ஏறியிருந்தது. நம் அச்சுக் கோப்பவர்கள் இதற்கெல்லாம் கவலைப்படுவதில்லை. புள்ளி எழுத்து வரியின் தலையில் வராமல் பார்த்துக் கொண்டால் போதும். ஜெர்மானியரோ முதலில் சொல்லும் சொல்லும் கூடும் மூட்டில் வெட்டுவார்கள். மூட்டு கிடைக்காவிட்டால்தான் வாயினால் சொல்லிப் பார்த்து அசை அசையாகப் பிரிப்பார்கள். மயிலாப்பூரில் தெருவுக்குத் தெரு காணும் கிண்டர்கார்டன் பலகையே அவர்கள் சொத்துத்தான். 1840இல் ஃப்ரோபெல் என்ற ஆசிரியர் ஆக்கியது. முதல் வெட்டு கிண்டர் - கார்டன், குழந்தைகள், தோட்டம். பிறகு கிண் - டர் - கார் - டன். நாலும் நேரசை! நம் யாப்பில் இந்த ஒழுங்கு தலைகீழ். ஓசைக்காகச் சொல்லின் நடுவயிற்றில் வெட்டலாம். அதற்கு வகையுளி என்று கௌரவமான பெயரும் உண்டு.

பாண்டி பஜாரில் இறங்கினோம். இதைப் புதுச்சேரியோடு முடிச்சுப் போடுகிறவர்கள் அநேகர். இது சௌந்தரபாண்டியனார் பெயரால் ஏற்பட்ட அங்காடி. தலையையும் வாலையும் நறுக்கி நடுத்துண்டை வைத்துக் கொண்டால் இப்படித்தான் ஊர் மாறிப் போகும்.

துணிக் கடையில் காத்திருந்த போது, ஜெர்மானியரின் "மாவிலை" ஒன்றைக் குமாரிக்குச் சொன்னோம். ஷ்டாவ்பெக்கன் என்று ஒரு சொல். ஷ்டாவ் - பெக்கன் என்று வெட்டினால் நீர்த்தேக்கம். ஷ்டாவ்ப் - எக்கன் என்று வெட்டினால் தூசி படிந்த மூலைகள். எழுத்தில் ஓர் அணுவும் பேதமில்லை.

"தியாகராய நகருக்கு இரண்டும் பொருத்தம்தான்" என்றோம். 1920களில் மாம்பலத்து நீண்ட ஏரியை வற்ற வைத்துத்தான் இந்த நகரை நிர்மாணித்தார்கள். மேற்கு மாம்பலத்தில் லேக் வியூ ரோடு என்ற பெயர் இன்னும் இருக்கிறது, ஏரிதான் இல்லை. தூசி மூலைகளுக்குக் குறைவில்லை.

உஸ்மான் சாலையில் நகைக் கடைகளின் ஜகஜ்ஜோதியைக் கண்டதும் தொல்காப்பிய உரைகளில் வரும் ஒரு பழைய உதாரணம் நினைவுக்கு வந்தது. "செம்பொன்பதின்தொடி." தொடி என்பது ஒரு நிறை. செம்பொன் பதின் தொடி என்றால் பத்துத் தொடி பசும்பொன். செம்பு ஒன்பதின் தொடி என்றால் ஒன்பது தொடி செம்பு. குமாரி கடை வாசலிலேயே நின்று இரண்டு விதமாகவும் சொல்லிப் பார்த்தாள். கடைக்காரர் எப்படிப் பிரிப்பார், வாங்குகிறவர் எப்படிப் பிரிப்பார் என்று கேட்டாள். நாம் வேகமாக நடந்தோம்.

அங்கிருந்து அடையாறு. வழியில் ஐ.ஐ.டி. வாசல். ஜெர்மனியின் உதவியோடு 1959இல் தோன்றிய கலாசாலை அது. ஆனால் ஜெர்மானியர் ஒருவர் அதற்கு வெகு காலம் முன்பே அடையாற்றில் சொற்களைப் பிரித்துக் கொண்டிருந்தார். 1886இல் ஆல்காட் துரை ஸ்தாபித்த அடையாறு நூல்நிலையத்துக்கு 1905 முதல் 1916 வரை தலைவராயிருந்தவர் ஓட்டோ ஷ்ரேடர். சமஸ்கிருதச் சுவடிகளின் முழநீளச் சமாசங்களைப் பிரித்துப் படிப்பது அவர் தொழில். தம் தாய்மொழியே அதற்கு நல்ல பயிற்சியாக இருந்திருக்கும். முதல் மகாயுத்தம் மூண்டதும் பகை நாட்டார் என்று அவரை அகமத்நகர் முகாமில் அடைத்து விட்டார்கள். பாஞ்சராத்திரத்தைப் பற்றிய அவருடைய பெரிய நூல் 1916இல் அடையாற்றிலிருந்து வெளிவந்தது.

கடைசியாகப் பெசன்ட் நகரில் டாக்டர் உ.வே. சாமிநாதையர் பெயரால் விளங்கும் நூல்நிலையத்தின் வாசலில் வந்து நின்றோம். ஐயரவர்கள் மறைந்தது 1942இல். மறு வருஷமே நூல்நிலையம் உண்டாகி விட்டது. ஓலைச் சுவடியில் சொல்லுக்குச் சொல் இடைவெளி கிடையாது என்று குமாரிக்குச் சொன்னோம். பெரும்பாலும் புள்ளி இராது. எகரத்துக்கும் ஏகாரத்துக்கும் வேற்றுமை தெரியாது. காலும் ரகரமும் இரட்டைப் பிள்ளைகள். அவற்றை வைத்துக் கொண்டுதான் 1887இல் சீவக சிந்தாமணியை அச்சிட்டார். ஒவ்வொரு வரியிலும் எத்தனை மாவிலைகள் இருந்திருக்கும்! ஒரே மாதிரிதான் பிரியும் என்று முதலிலேயே தீர்மானித்திருந்தால் பாதிப் பொன் செம்பாகப் போயிருக்கும். பிரதிக்குப் பிரதி ஒப்பிட்டு, தெரிந்தவர்களைத் தேடிப் போய்க் கேட்டு, கேட்டதைக் குறித்து வைத்துக் கொண்டார்.

"அப்பா, அந்த மாவு மில் பையனுக்கு அப்புறம் மார்க்குப் போட்டீர்களா?" என்றாள் குமாரி.

இல்லை என்றோம்.

அவள் கொத்திலிருந்து ஓர் இலையைக் கிள்ளிக் கையில் வைத்துக் கொண்டு, பஸ் வரும் வரையில் ஒன்றும் பேசவில்லை. வீட்டுக்கு வந்து தோரணம் கட்டினோம். மறுநாள் பூஜையில் அடுக்குவதற்காகப் பழைய புத்தகங்களை இறக்கிய போது, அந்த வருஷத்து வகுப்புப் பெயர்ப் பட்டியல் கிடைத்தது. இருபத்தேழாவது பெயர் அவனுடையது. மாவு மில் இன்னும் அதே சந்தில்தான் இருக்கிறதாம்.