இருபதுக்குப் பிறகு

மதுரை மாரியம்மன் தெப்பக்குளத்தை இருட்டு விலகும் முன்பே சுற்றத் தொடங்கிவிடுகிறார்கள். செல்போனில் பக்திப் பாட்டோடு நடப்பவர்கள், மஃப்ளருக்குள் முகம் புதைத்தவர்கள், நடக்காமல் சுவரில் உட்கார்ந்து அரசியல் பேசவே வருபவர்கள். தை பிறந்ததும் கூட்டம் கூடும். புதிதாக வருபவர்களை ஷூ காட்டிக்கொடுத்துவிடும்.

அவருடையதும் புது ஷூதான். பனியன் மட்டும் பழசு. முதுகில் ஏதோ கபடிக் குழுவின் பெயர். வயிறு இழுத்த இழுப்பில் எழுத்துகள் அகன்றிருந்தன. ஐம்பது வயதிருக்கும். வந்த அன்றே ஓடினார். பிறகு துண்டை விரித்துத் தண்டால்.

"மாமா, இன்னைக்கு இது போதும்" என்றான் கூட வந்த பையன்.

"இருடா மாப்ள. அந்தக் காலத்துல நூறு எடுப்பேன்."

நூறு வரவில்லை. மூச்சு வாங்கிக்கொண்டு பஸ்கிக்கு மாறினார். இருபது வரை இடுப்பு ஒழுங்காக இறங்கியது. அதற்குப் பிறகு முதுகுதான் வளைந்தது. எண்ணிக்கை மட்டும் பிசகவில்லை.

தொடை ஓய்ந்தால் அதன் வேலையும் கீழ்முதுகின் தலையில் விழும். மூச்சு சீக்கிரம் பழகிவிடுகிறது, அதை நம்பித்தான் எல்லோரும் ஏமாறுகிறார்கள். தசையை எலும்போடு கட்டும் நாண்களுக்கு அந்த அவசரம் கிடையாது. போதாததற்கு, இரவெல்லாம் நீரை இழுத்து டிஸ்க் உப்பியிருக்கிற நேரம் இது. மாலையைவிடக் காலையில் நாம் ஒரு சென்டிமீட்டராவது உயரம். எழுந்த முதல் ஒரு மணி நேரத்தில் நன்றாகக் குனிவது டிஸ்க்குக்குப் பெரிய பாரம். விடியற்காலைப் பயில்வான்களிடம் இதையெல்லாம் யார் போய்ச் சொல்வது? நான் சொல்லவில்லை.

அந்த வாரத்திலேயே ஒரு நாள் நடந்தது. தண்டால் முடிந்து, பஸ்கி முடிந்து, அருகம்புல் சாறும் குடித்தாயிற்று. ஷூ நாடா அவிழ்ந்திருந்தது. குனிந்தார்.

"ஆத்தீ!"

நிமிர முடியவில்லை. ஒரு கை இடுப்பில், ஒரு கை சுவரில். அரசியல் அப்படியே நிற்க, சுவர் முழுக்க எழுந்து வந்தது.

"குறுக்கு புடிச்சிருச்சு."

"வாயுண்ணே. பூண்டைச் சுட்டுத் தின்னுங்க."

"ரெட்டைப் பிள்ளை பெத்தவங்க ஒரு மிதி மிதிச்சாப் போதும்."

2020-இல் உலகம் முழுக்க 61.9 கோடிப் பேருக்கு இடுப்புவலி இருந்ததாக ஒரு கணக்கு. அத்தனை பேருக்கும் தெப்பக்குளத்துச் சுவரில் வைத்தியம் இருக்கிறது.

"நாடா கட்டக் குனிஞ்சேன், அம்புட்டுத்தேன்" என்றார் அவர், வலிக்கு நடுவில். எல்லோரும் நாடாவைப் பார்த்தார்கள். பஸ்கியை யாரும் நினைக்கவில்லை. பையன் மட்டும் வாயைத் திறக்கப் பார்த்து, மூடிக்கொண்டான். ஆட்டோ வந்தது.

மறுபடி அவரைப் பார்த்தபோது மனைவியோடு நடந்துகொண்டிருந்தார். ஓட்டம் இல்லை. சுவர் வழிமறித்து விசாரித்தது.

"படுக்கவே கூடாதுன்னுட்டாரு டாக்டரு. முடிஞ்ச மட்டும் நடக்கணுமாம்."

"எங்க காலத்துல வாரக்கணக்குல பலகையில படுக்கப் போடுவாங்க. சரி, ஸ்கேன் எடுத்தாரா?"

"இப்போதைக்கு வேணாமாம். கால் மரத்துப் பலமில்லாமப் போனா, ஒன்னுக்குப் போக முடியாமப் போனா உடனே ஓடி வரச் சொன்னாரு. மத்தபடி சில வாரத்துல தன்னால சரியாயிருமாம்."

ஸ்கேனும் இல்லை, ஊசியும் இல்லை. சுவருக்கு அந்த டாக்டரைப் பிடிக்கவில்லை என்பது முகங்களில் தெரிந்தது.

படிக்கட்டோரம் பையன் தண்டால் எடுத்துக்கொண்டிருந்தான். அவர் நடை தானாக மட்டுப்பட்டது.

"எத்தனைடா?"

"பன்னெண்டு மாமா. போன வாரம் பத்து."

"வெறும் பன்னெண்டா?" என்று பனியனைக் கீழே இழுத்துவிட்டுக்கொண்டார்.

"அதை அவன் எண்ணிக்கிருவான்" என்றார் மனைவி. "நீங்க நடங்க."