‘புரிஞ்சுது மிஸ்’

கணக்கு டீச்சராக இருந்துவிட்டு இன்டீரியர் வேலைக்கு வந்தவள் என்று தெரிந்ததும் எல்லோரும் சொல்வது ஒன்றைத்தான்: “அப்போ உங்களுக்குப் பொறுமை நிறைய இருக்கும்.” நாற்பது பிள்ளைகள் நடுவே நின்று பார்த்தவர்களுக்குத் தெரியும், அங்கே வளர்வது பொறுமை இல்லை, குரல். பள்ளிக்கூடம் எனக்குக் கொடுத்தனுப்பிய சொத்து வேறு.

பாடத்தை முடித்துவிட்டு “புரிஞ்சுதா?” என்று கேட்டால் வகுப்பு முழுக்க ஒரே ராகத்தில் “புரிஞ்சுது மிஸ்” என்று வரும். அந்தப் பதிலை நம்பிப் புத்தகத்தை மூடுகிறவர் பாவம். புரியாத பிள்ளை கேள்வி கேட்காது. என்ன புரியவில்லை என்று சொல்லத் தெரிந்தால்தான் அது பாதி கிணறு தாண்டிவிட்டதே. கடைசி பெஞ்சில் உட்கார்ந்து, முன்னால் இருப்பவன் முதுகுக்குப் பின்னால் தலையைத் தாழ்த்திக்கொண்டு, எல்லோரும் வாயசைக்கும்போது அதுவும் வாயசைக்கும். அதனால் ‘புரிஞ்சுதா’ என்று கேட்பதையே விட்டுவிட்டு, “வா, போர்டில் போடு” என்று கூப்பிட ஆரம்பித்தேன். சாக்பீஸ் எந்த வரியில் தயங்கி நிற்கிறதோ, அங்கிருந்துதான் மறுபடி பாடம்.

வீடுகளுக்குப் போக ஆரம்பித்த பிறகு அதே ராகம் காதில் விழுந்தது. “கிச்சன் எப்படி வேணும்?” என்று கேட்டால் “மாடர்னா, சிம்பிளா, நீட்டா இருக்கணும்” என்பார்கள். போனை நீட்டி நாலு படம் காட்டுவார்கள். எல்லார் போனிலும் அதே படங்கள்தான்: நடுவில் ஒரு மேடை, மேலிருந்து தொங்கும் மூன்று விளக்கு, ஒரு கிண்ணத்தில் எலுமிச்சம்பழம். எண்ணெய்ப் பிசுக்கு எதிலும் இருக்காது. இதுவும் ‘புரிஞ்சுது மிஸ்’தான். ஆகவே நான் கேட்பதில்லை. இப்போது இருக்கிற வீட்டில், இப்போது இருக்கிற அடுப்பில், எனக்கு ஒரு காபி போட்டுத் தரச் சொல்வேன். ஒரு ஓரமாக நோட்டும் டேப்புமாக நின்றுகொள்வேன்.

ஒரு காபியில் ஒரு சமையலறையின் முழுக் கதையும் வந்துவிடும். பால் எடுக்க ஃபிரிட்ஜ் கதவைத் திறந்தால் அது வாசலை மறிக்கும். அந்தச் சமயம் பார்த்து உள்ளே வருபவர் அங்கேயே நிற்க வேண்டும். சர்க்கரை டப்பா மேல் தட்டில் இருக்கும், எட்டாது, குதிகாலைத் தூக்குவார்கள். டிகாஷன் ஃபில்டரை வைக்க இடமில்லாமல் மிக்சியை நகர்த்துவார்கள். பால் பொங்கும்போது இடுக்கியைத் தேடுவார்கள். “இதெல்லாம் பழகிடுச்சு மேடம்” என்று சிரிப்பார்கள். பழகிவிட்டது என்று எதைச் சொல்கிறார்களோ அதைத்தான் நான் நோட்டில் குறித்துக்கொள்வேன்.

எல்லா வீட்டிலும் ஒரு கடைசி பெஞ்ச் உண்டு என்பது என் கட்சி. அதில் உட்கார்ந்திருப்பவர் ஆலோசனைக்குக் கூப்பிடப்படுவதில்லை. பணம் தருகிறவர் சோபாவில் உட்கார்ந்து மைக்கா நிறம் பார்த்துக்கொண்டிருப்பார். மகன் டிவி யூனிட்டைப் பற்றிப் பேசுவான். சமைப்பவர் காபி போட உள்ளே போயிருப்பார். வயதான அம்மா பக்கத்து அறையில் இருப்பார். கேட்டால், “எனக்கென்னம்மா, இருக்கிறதே போதும்” என்பார். பாத்திரம் தேய்க்க வருகிற அக்கா வீட்டிலேயே இருக்க மாட்டார், அவர் வருகிற நேரம் வேறு.

அந்த அக்காவை எடுத்துக்கொள்ளுங்கள். ஃபிளாட்டுகளில் சமையலறையை ஒட்டி சர்வீஸ் ஏரியா என்று ஒரு துண்டு இடம் விடுவார்கள். வாஷிங் மெஷின், கேஸ் சிலிண்டர், துடைப்பம், காலி அட்டைப்பெட்டி எல்லாம் போக மிச்சம் இருக்கிற இடத்தில்தான் அவர் பாத்திரம் தேய்க்கிறார். விளக்கு பெரும்பாலும் கதவுக்கு மேலே, அவர் முதுகுக்குப் பின்னால் எரியும். தேய்க்கிற பாத்திரத்தின் மேல் அவருடைய நிழலே விழும்.

நிழல் விஷயத்தில் மட்டும் எனக்கு ஒரு சிறப்புத் தேர்ச்சி உண்டு. வகுப்பறையில் ஜன்னல் வெளிச்சம் பிள்ளைகளுக்கு இடப்பக்கமிருந்து வரவேண்டும் என்பது பழைய விதி. வலது கையால் எழுதுகிறவர்கள்தான் அதிகம். வெளிச்சம் வலப்பக்கமிருந்து வந்தால் எழுதுகிற கையின் நிழல் எழுத்தின் மேலேயே விழும். இடதுகைப் பிள்ளைகளை அந்த விதி கணக்கில் எடுக்கவில்லை; அவர்களை இடம் மாற்றி உட்கார வைப்பது டீச்சர் வேலை. சமையலறைக்கு வந்தால், பில்டர் கொடுக்கிற ஒற்றை ட்யூப்லைட் கூரை நடுவிலோ எதிர்ச்சுவரிலோ இருக்கிறது. மேடையைப் பார்த்து நிற்பவருக்கு வெளிச்சம் முதுகில். வெங்காயம் நறுக்குகிற பலகை இருட்டில். மேல் அலமாரியின் அடியில், முன்விளிம்பை ஒட்டி, ஒரு எல்.இ.டி. பட்டையை ஒட்டினால் தீர்ந்தது. மொத்த வேலையில் ஆகக் குறைந்த செலவு அதுதான். வேலை முடிந்து வருகிற பாராட்டில் பாதி அதற்குத்தான் கிடைக்கிறது. இத்தாலியன் மார்பிளுக்கு இல்லை.

உயரத்திலும் இதே கதை. மேடை உயரம் 34 அங்குலம் என்று எல்லோரும் மனப்பாடமாகச் சொல்வார்கள். ஐந்தடி உயரப் பெண்ணுக்கு முழங்கை ஏறக்குறைய 37 அங்குலத்தில் இருக்கும். காய் நறுக்க 34 சரிதான். ஆனால் அந்த மேடை மேல் அடுப்பு வைக்கிறோம், அடுப்பு மேல் குக்கர். இரண்டும் சேர்ந்தால் குக்கரின் வாய் தோளை நெருங்கிவிடும். உள்ளே தண்ணீர் வற்றியதா என்று எட்டிப் பார்க்க முடியாது. சப்பாத்தி தேய்க்கவோ, தோளிலிருந்து அழுத்தம் கொடுக்க மேடை இன்னும் இறங்க வேண்டும். அடுப்பு இருக்கும் துண்டை மட்டும் 30 அங்குலத்துக்கு இறக்கிக் கட்டலாம் என்பேன். “பார்க்க ஒரே லெவலா இருக்காதே” என்பது முதல் ஆட்சேபம். பார்க்கிறவர் யார், நிற்கிறவர் யார் என்று கேட்டால் கொஞ்சம் மௌனம் வரும். அக்கினி மூலையா, அடுப்பு கிழக்கு பார்த்திருக்கிறதா என்பதற்கு இதைவிட அதிக நேரம் விவாதம் நடக்கும். வாஸ்துவோடு எனக்குச் சண்டை கிடையாது. கிழக்கு பார்த்து நின்றாலும் முதுகு வலிக்கக் கூடாது, அவ்வளவுதான்.

இதையெல்லாம் யாரோ முன்பே யோசித்திருக்கிறார்கள் என்பது டிப்ளமா படிக்கும்போது தெரிந்தது. என் முன்னாள் மாணவர்கள் வயதுப் பிள்ளைகளோடு உட்கார்ந்து படித்தேன். ஆட்டோகேடில் அவர்கள் வேகத்துக்கு என் விரல் ஈடுகொடுக்கவில்லை; வடிவியலில் என்னிடம் வந்தார்கள், கணக்கு நேராகிவிட்டது. மார்கரெத்தே ஷூட்டே-லிஹோட்ஸ்கி என்ற ஆஸ்திரியப் பெண் 1926இல் ஃபிராங்க்ஃபர்ட் நகரக் குடியிருப்புகளுக்காக வரைந்த சமையலறையை அங்கேதான் முதலில் பார்த்தேன். 1.9 மீட்டர் அகலம், 3.4 மீட்டர் நீளம். ரயிலின் உணவுப் பெட்டியில் இருக்கும் குறுகிய சமையலறையைப் பார்த்து எடுத்த யோசனை. அரிசிக்கும் சர்க்கரைக்கும் தனித்தனி அலுமினிய இழுப்பறை. சுமார் பத்தாயிரம் வீடுகளில் அதைப் பொருத்தினார்கள். இன்று நம் ஊரில் மாடுலர் கிச்சன் என்று விற்பதெல்லாம் அந்த வம்சம்தான்.

அதில் ஒரே ஒருவர்தான் நிற்க முடியும் என்ற குறையைப் பின்னால் பலர் சொல்லியிருக்கிறார்கள். மாமியார், மருமகள், உதவிக்கு வருபவர் என்று புழங்குகிற நம் வீட்டுக்கு அது கொஞ்சமும் ஒத்துவராது. ஆனால் என் கண் போனது வேறு இடத்துக்கு. அந்தப் படத்தில் ஒரு ஸ்டூல் இருந்தது. உட்கார்ந்து காய் நறுக்க. நம் பாட்டிமார் தரையில் உட்கார்ந்து அரிவாள்மனையில் நறுக்கினார்கள். மேடை வந்தது, எல்லோரையும் நிற்க வைத்தோம், உட்கார இடம் வைக்க மறந்துவிட்டோம். நான் வரைகிற சமையலறையில் மேடைக்குக் கீழே ஓரிடத்தில் ஒன்றரை அடி அகலத்துக்குக் கதவில்லாமல், டிராயர் இல்லாமல் காலியாக விடுகிறேன். கால் நீட்டி ஸ்டூலில் உட்காரலாம். “இடம் வேஸ்டாகுதே” என்பவர்களுக்குப் பதில் தயாராக இருக்கிறது. முழங்கால் வலி வரும் வயது வந்தால் அவர்களுக்கும் அது தேவைப்படும்.

பள்ளிக் கணக்கு எனக்கு இங்கே எந்த அளவுக்கு உதவுகிறது என்றால், ஆசாரி சிரிக்கிற அளவுக்கு. ப்ளைவுட் ஷீட் எட்டடிக்கு நாலடி. வாட்ரோப் ஆழம் இரண்டடி. நாலை இரண்டால் வகுத்தால் இரண்டு துண்டு, மீதி சுழியம். அப்படித்தான் வரைபடத்தில் 24 அங்குலம் என்று போட்டுக் கொடுத்தேன். ஆசாரி பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு, “டீச்சர், வாள் தின்னுறத யாரு கணக்குல எழுதுவா?” என்றார். மெஷின் வாள் ஒரு நூல் தின்னும். எட்டு நூல் ஓர் அங்குலம். 48 அங்குலத்தில் ஒரு நூல் போனால் இரண்டு துண்டும் அரை நூல் குறைந்துதான் வரும். 24 தான் வேண்டுமென்றால் இரண்டாவது துண்டுக்கு இன்னொரு ஷீட்டை உடைக்க வேண்டும். அவர் கேலி செய்யவில்லை. வெட்டுகிறவரிடம் கேட்டுவிட்டு வரை என்கிறார். இப்போதெல்லாம் 23¾ என்று போடுகிறேன். விளிம்பை இழைத்துச் சரிசெய்வதற்கும் அதில் கொஞ்சம் இடம் இருக்கிறது.

கரும்பலகைக்கும் ப்ளைவுட்டுக்கும் நடுவே பெரிய வித்தியாசம் இதுதான் என்று நினைக்கிறேன். பலகையில் தப்பு விழுந்தால் டஸ்டர் உண்டு. ‘710’ என்று கடைக்காரர்கள் சுருக்கமாகச் சொல்கிற ஐ.எஸ். 710 ப்ளைவுட்டை 72 மணி நேரம் கொதிநீரில் போட்டுச் சோதிப்பார்கள், பசை விடாது. அப்படிப்பட்ட விலையுயர்ந்த பலகையில் வாள் இறங்கிவிட்டால் இறங்கியதுதான். சிங்க்குக்கு அடியில் வேண்டியது அந்தப் பலகை. படுக்கையறை வாட்ரோபுக்கு அது தேவையே இல்லை, ஆனாலும் விற்பார்கள்.

குழந்தைகள் அறை என்று வந்தால் நான் கொஞ்சம் பிடிவாதக்காரி. ஐந்து வயதுப் பிள்ளைக்கு முப்பது அங்குல உயர மேசையைச் சுவரோடு சேர்த்து அடித்து, மேலே புத்தக அலமாரி, பக்கத்தில் ஸ்பைடர்மேன் ஸ்டிக்கர். கால் தரையைத் தொடாது. பிள்ளை ஒரு மாதம் அதில் உட்காரும். பிறகு ஹோம்வொர்க் நோட்டைத் தூக்கிக்கொண்டு சாப்பாட்டு மேசைக்கு, அம்மா கண்ணில் படுகிற இடத்துக்கு வந்துவிடும். இதைத் தெரிந்துகொள்ள டிசைன் படிக்க வேண்டாம், டீச்சராக இருந்தால் போதும். மரியா மாண்டிசோரி 1907இல் ரோம் நகரின் சான் லொரென்சோ பகுதியில் முதல் பள்ளியைத் தொடங்கியபோதே, பிள்ளைகள் தாங்களே தூக்கி நகர்த்தக்கூடிய சின்னச் சின்ன மேசை நாற்காலிகளைச் செய்வித்தார். தரையோடு பிணைத்த பெஞ்சுகளை அவர் கடுமையாக எதிர்த்தவர். 1939இல் சென்னை அடையாறுக்கு வந்து நம் ஆசிரியர்களுக்கே பயிற்சி கொடுத்தார். அப்படியிருந்தும் நம் பள்ளிகளில் பெஞ்ச் அசையவில்லை. வீட்டிலாவது அசையட்டும் என்று, குழந்தைக்கு எதையும் சுவரில் அடிக்காதீர்கள் என்கிறேன். பிள்ளை வளரும், ப்ளைவுட் வளராது.

தொழிலின் மற்ற பக்கத்தையும் சொல்ல வேண்டும். ‘ஆர்க்கிடெக்ட்’ என்று போட்டுக்கொள்ள 1972ஆம் ஆண்டுச் சட்டப்படி பதிவு வேண்டும். இன்டீரியர் டிசைனர் என்று போட்டுக்கொள்ள யாரும் எதுவும் கேட்பதில்லை. என்னைப் போன்றவர்கள் உள்ளே வர முடிந்ததும் அதனால்தான், யார் வேண்டுமானாலும் வந்துவிடுவதும் அதனால்தான். ஒன்றாம் தேதி சம்பளம் என்பது போய்விட்டது. “டிராயிங் மட்டும் போட்டுக் கொடுங்க, வேலையை நாங்க பாத்துக்கிறோம்” என்பவர்கள் அந்த டிராயிங்குக்குக் காசு உண்டு என்றதும் முகம் மாறுவார்கள். பள்ளியில் யாரும் என்னிடம் பாடம் நடத்துவதற்கு மட்டும் கட்டணம் குறைக்கச் சொன்னதில்லை. ப்ளைவுட் கடை, டைல்ஸ் கடை, லைட் கடை எல்லாவற்றிலும் டிசைனருக்கு ஒரு கமிஷன் தனியாக எடுத்து வைப்பார்கள். வேண்டாம் என்றால் சந்தேகமாகப் பார்ப்பார்கள். அந்தக் கமிஷன் பில்லில் வீட்டுக்காரர் தலையில்தான் விழுகிறது. அதனால் அதைத் தள்ளுபடியாகப் பில்லிலேயே கழிக்கச் சொல்லிவிட்டு, என் கட்டணத்தைச் சதுர அடிக் கணக்கில் முதலிலேயே எழுதிக் கொடுத்துவிடுகிறேன். கொஞ்சம் வாய்ப்புகள் இதனால் போகின்றன. போகட்டும்.

டீச்சர்தனம் இடைஞ்சலாகிற இடமும் உண்டு. விளக்குகிற வியாதி. ஒரு கீலுக்கு இரண்டு வகை இருக்கிறது என்று ஆரம்பித்தால் சாஃப்ட் க்ளோஸ் வேலை செய்கிற விதம் வரைக்கும் போய்விடுவேன். எதிரே இருப்பவர் தலையாட்டிக்கொண்டிருப்பார். அந்தத் தலையாட்டல் எனக்குப் பழக்கமானது. உடனே நிறுத்திவிட்டுக் கதவைத் திறந்து மூடச் சொல்வேன்.

பழைய சக ஆசிரியைகள் சிலர் இப்போது தயங்கித் தயங்கிக் கேட்கிறார்கள், நாங்களும் வரலாமா என்று. கோர்ஸ் எதில் சேரலாம் என்பதுதான் அவர்களுடைய முதல் கேள்வி. கோர்ஸ் பிறகு என்கிறேன். பி.எட். படிக்கும்போது ஒரு பள்ளிக்கு அனுப்பிப் பாடம் நடத்த வைத்தார்கள் இல்லையா, இங்கே அந்த ஏற்பாட்டை நாமே செய்துகொள்ள வேண்டும். கோடை விடுமுறையில் வேலை நடக்கிற ஒரு வீட்டுக்குத் தினமும் போங்கள். ஆசாரி எதற்கு முனகுகிறார், எதை இரண்டாவது தடவை அளக்கிறார் என்று பாருங்கள். மரத்தூளும் பசை வாடையும் ஒத்துக்கொள்கிறதா பாருங்கள். வரவு வராத மாதங்களை வீடு தாங்குமா என்று எழுதிக் கணக்குப் போடுங்கள். அதற்கப்புறமும் ஆசை இருந்தால், உங்கள் சொந்தச் சமையலறையில் வேறு யாரையாவது ஒரு காபி போடச் சொல்லிவிட்டு, வாயைத் திறக்காமல் ஓரமாக நில்லுங்கள். வாயைத் திறக்காமல் என்பதுதான் எங்களைப் போன்றவர்களுக்குச் சிரமம்.