அப்பா வீட்டிலிருந்த கோடை

நான் சிறுமியாக இருந்த பெனிடோர்மில் பிப்ரவரி கழிந்துவிட்டால் தெருவில் ஆண்களைப் பார்ப்பது அரிது. கிழவர்கள் இருப்பார்கள், பையன்கள் இருப்பார்கள், பாதிரியார் இருப்பார். உழைக்கிற வயதுக்காரர்கள் சரக்குக் கப்பல்களிலோ சூரைமீன் வலைகளிலோ இருப்பார்கள். ஸ்பெயினின் கிழக்குக் கரையில், அலிகாந்தே மாகாணத்தில், ஏறக்குறைய 3,000 பேர் மட்டுமே வாழ்ந்த ஊர் அது. கடலுக்குள் நீண்ட பாறைமுனை ஒன்று. அதற்குக் கிழக்கே லெவாந்தே கரை, மேற்கே போனியெந்தே கரை. பின்புறம் 1,400 மீட்டருக்கு மேல் எழுந்து நிற்கும் பூயிச் காம்பானா மலை. பார்க்க அழகான ஊர்தான். ஆனால் அது தன் பிள்ளைகளுக்குச் சோறு போடவில்லை.

எங்கள் ஆண்களின் தொழில் அல்மாத்ராபா. ஆட்டுப்பட்டி போல அறை அறையாகக் கடலுக்குள் நிறுத்தும் பெருவலை அது. வசந்தத்தில் முட்டையிட அட்லாண்டிக்கிலிருந்து மத்தியதரைக் கடலுக்குள் நுழையும் சூரைகள் கரையோரமாக வந்து, தடுப்பு வலையில் முட்டி, ஒவ்வொரு அறையாக உள்ளே போகும். கடைசி அறையைச் சுற்றிப் படகுகள் நிற்க, ஆட்கள் அடிவலையைக் கையால் தூக்குவார்கள். ஆளைவிடப் பெரிய மீன்கள் மேலே வரும். எந்த இடத்தில் நங்கூரம் இறக்குவது, நீரோட்டம் எப்போது திரும்பும், அறைக்குள் எத்தனை மீன் இருக்கிறது என்று கணிக்கும் தண்டல்களுக்கு எங்கள் ஊர் பேர்போனது. ஸ்பெயினின் தென்கரை, போர்ச்சுகல், மொராக்கோ, துனீசியா, சிசிலி என்று அவர்களைக் கூப்பிடாத கரை இல்லை. அப்பா தண்டல் இல்லை, வலையிழுக்கும் ஆள். காதிஸ் கரையில் ஒரு கொட்டகையில் பாய்மரத் துணியை விரித்துப் படுத்து, பாதி வருடத்தைக் கழித்துவிட்டு வருவார்.

அதனால் எங்கள் வீடு பெண்கள் நடத்திய வீடு. அம்மா வலை முடிந்தார், ஆடு வளர்த்தார், மளிகைக் கடையில் கடன் சொல்லி வாங்கினார். நவம்பரில் வரும் கன்னிமரியாள் திருவிழாவில் அப்பாவின் பணத்தைக் கொண்டு அந்தக் கடனை அடைப்பார். 1740இல் ஆளில்லாமல் மிதந்து வந்த ஒரு கப்பலில் கிடைத்தாள் என்று ஊர் சொல்லும் அந்த மாதாவின் விழா, எனக்கு அப்பாவைப் பார்க்கும் விழா.

அந்த நாளில் கடற்கரை மணலுக்கு மதிப்பே கிடையாது. தாத்தா சொத்தைப் பிரித்தபோது, பாதாமும் ஒலிவமும் நின்ற மேட்டு நிலம் பெரியப்பாவுக்குப் போயிற்று. லெவாந்தே கரையோரத்து மணல் துண்டு அத்தைக்கு வந்தது. "பொண்ணுதானேன்னு உப்புக்காத்தை எழுதிக் குடுத்துட்டாரே மதினி" என்று அத்தை எங்கள் அடுப்படியில் உட்கார்ந்து அழுதார். பதினைந்து வருடம் கழித்து அந்த மணலில் ஒரு விடுதி எழும்பியது. அத்தைக்கு வந்த பணத்தைப் பார்த்துப் பெரியப்பா வீட்டார் பேச்சை நிறுத்தினார்கள். எங்கள் ஊரில் இப்படி உடைந்த குடும்பங்கள் பல.

1950களின் தொடக்கத்தில் எங்கள் கரையிலேயே போட்டுவந்த அல்மாத்ராபா நின்றுபோயிற்று. அதே காலத்தில்தான் பெத்ரோ சரகோசா ஒர்த்ஸ் மேயரானார். 1967 வரை அவரே மேயர். மீன் குறைகிற ஊருக்கு வெயிலும் மணலும்தான் மிச்சம் என்று அவர் கணக்குப் போட்டார். 1956இல் ஊருக்கான பெருந்திட்டம் வந்தது. பாதாம் தோப்புகளின் மேல் அகலமான சாலைகளை வரைந்தார்கள். அந்த வருடக் கோடையில்தான் கவிஞர்கள் சில்வியா பிளாத்தும் டெட் ஹியூஸும் தேன்நிலவுக்கு எங்கள் ஊரில் தங்கினார்கள் என்பதைப் பல காலம் கழித்துப் படித்தேன். எங்கள் மத்திப் படகுகளை அந்தப் பெண் கோட்டோவியமாக வரைந்து வைத்திருக்கிறார். எங்களுக்கு அவர்கள் வாடகை தரும் இன்னும் இரண்டு வெளியூர்க்காரர்கள், அவ்வளவே. அம்மாவும் அந்த வருடம் முன்னறையைக் காலி செய்து ஒரு பிரெஞ்சுத் தம்பதிக்கு விட்டிருந்தார். நாங்கள் கோடை முழுவதும் மாடியில் படுத்தோம்.

பிகினி உடுத்த பெண்களால் ஊர் இரண்டுபட்டது. மேயர் அதை அனுமதித்தார். திருச்சபையிலிருந்து சபைநீக்க மிரட்டல் வந்தது. வெஸ்பா ஸ்கூட்டரில் ஏறி மாத்ரித் வரை போய் சர்வாதிகாரி பிராங்கோவிடமே நியாயம் கேட்டதாக அவர் பின்னாளில் பலமுறை சொல்லியிருக்கிறார். பள்ளியில் எங்கள் தாய்மொழியான வலென்சியனைப் பேசவிடாத ஆட்சி அது. கணவன் சம்மதம் இல்லாமல் மனைவி வேலைக்குச் சேர முடியாது என்ற சட்டம் 1975 வரை இருந்தது. அந்நியப் பெண்ணின் உடைக்கு மட்டும் அந்த ஆட்சி கண்ணை மூடிக்கொண்டது. அவள் கொண்டுவந்த டாலரும் பவுண்டும் அதற்குத் தேவைப்பட்டன.

பிறகு எல்லாம் வேகம். 1959இல் ஒரு டாலருக்கு 60 பெசெத்தா என்று மதிப்பைக் குறைத்தார்கள். வெளிநாட்டாருக்கு ஸ்பெயின் மலிவாயிற்று. 1963இல் கட்டட உயரத்துக்கு இருந்த வரம்பை எடுத்தார்கள். 1967இல் அலிகாந்தேவில் விமான நிலையம் திறந்தது. நான் விடுதி வரவேற்பறையில் வேலைக்குச் சேர்ந்தபோது எங்கள் வீட்டு மாடியிலிருந்து கடல் தெரியவில்லை.

அறுபதுகளின் நடுவில் ஒரு பிப்ரவரியில் அப்பா கிளம்பவில்லை. லெவாந்தே கரையில் மிதிபடகுகளை வாடகைக்கு விடும் வேலை கிடைத்திருந்தது. அம்மாவுக்கு விடுதிச் சலவைக்கூடத்தில் வேலை வந்தது. சம்மதத் தாளில் அப்பா கையெழுத்துப் போட்டார். அந்தக் கோடையில்தான் அப்பாவுக்கு என்ன பிடிக்கும், எதற்குக் கோபம் வரும் என்று எங்களுக்குத் தெரிந்தது. முதல் மாதங்களில் வீட்டில் ஓயாத சண்டை. கடன் கணக்கு, சாவி, சாப்பாட்டு நேரம் எல்லாம் அம்மாவின் கையில் இருந்தன. அப்பா விருந்தாளியைப் போலத் தவித்தார். மெல்லப் பழகினோம். என் தம்பிக்குக் காய்ச்சல் வந்த இரவில் அப்பா பக்கத்தில் இருந்தார். அம்மா அதற்காகவே அந்த விடுதிகளை வாழ்நாள் முழுதும் வாழ்த்தினார்.

இழந்ததும் உண்டு. நீரின் நிறத்தைப் பார்த்து மீன்கூட்டத்தைச் சொல்லும் அறிவு அப்பாவோடு நின்றுவிட்டது. தம்பி அதைக் கேட்டுக்கொள்ளவே இல்லை. கேட்டுப் பயனும் இருக்கவில்லை.

விடுதிகளைக் கட்டியவர்களும் அறைகளைத் துடைத்தவர்களும் பெரும்பாலும் வெளியூர்க்காரர்கள். ஆந்தலூசியாவிலிருந்தும் மூர்சியாவிலிருந்தும் வந்தார்கள். என்னோடு வேலை பார்த்த ஒரு பெண், காதிஸ் கரையில் அப்பா வலையிழுத்த பார்பாத்தே ஊர்க்காரி. அப்பா அவளை வீட்டுக்கு அழைத்துச் சோறு போட்டு, அந்தக் கரையின் ஒவ்வொரு கொட்டகையையும் விசாரித்தார். அவள் அப்போது ஒரு நிலவறையில் எட்டுப் பேரோடு படுத்துக்கொண்டிருந்தாள்.

1978இல் வறட்சி எங்களைப் பிடித்தது. குளியலறைகள் நிறைந்த ஊருக்குக் கப்பலில் குடிநீர் கொண்டுவந்தார்கள். அதற்குப் பின் உறுதிப்பட்ட ஏற்பாடு இன்றும் ஊரைக் காக்கிறது: எங்கள் கழிவுநீரைச் சுத்திகரித்து உழவர்களுக்குக் கொடுக்கிறோம், வறண்ட காலத்தில் அவர்கள் தங்கள் நல்ல நீரை எங்களுக்கு விடுகிறார்கள். நாங்கள் பிறரை நம்பித்தான் வாழ்கிறோம் என்பதை அந்த வறட்சி கற்றுக்கொடுத்தது.

2002இல் 186 மீட்டர் உயரத்தில் கிரான் ஹோட்டல் பாலி திறந்தது. அதைக் காட்டி, அழகான மீனவ ஊரைக் கெடுத்துவிட்டார்கள் என்று வருந்துகிறவர்களை நிறையச் சந்தித்திருக்கிறேன். அந்த அழகுக்கு எங்கள் தந்தையர் தந்த வருடங்கள் அவர்களுக்குத் தெரியாது. கோபுரங்களுக்காக நான் வருந்தவில்லை. இன்று அறை துடைக்க வரும் பெண்ணுக்கு ஊருக்குள் வாடகைக்கு வீடு கிடைக்காததற்காக வருந்துகிறேன். வீடுகள் எல்லாம் விருந்தினர்களுக்கு நாள்வாடகையில் போகின்றன. தலைமுறை தலைமுறையாகப் பிற ஊர்க் கொட்டகைகளில் படுத்து எழுந்தவர்களின் பிள்ளைகள் நாங்கள். உழைக்க வருகிறவருக்குக் கூரை தருவது எங்கள் கடன். இனி இந்த ஊரில் எழும்பும் ஒவ்வொரு கட்டடத்திலும் முதலில் அவர்களுக்கு இடம் ஒதுக்க வேண்டும் என்று அண்டைவீட்டார் கூட்டங்களில் பேசிவருகிறேன். என்னால் நடக்க முடிகிற வரை போய்ப் பேசுவேன்.